அட்டை போட்ட நோட்டும் மறந்துபோன பெயரும்: டெக்கரேட்டரின் கதை

பைத்தான் மொழியில் நிரல் எழுதப் பழகுகிற எல்லோரும் ஒருநாள் '@' என்ற குறியைச் சந்தித்தே தீருவார்கள். ஏதோ ஒரு ஃபங்ஷனுக்கு மேலே, தனி வரியில், @ போட்டு ஒரு பெயர் எழுதியிருக்கும். அதற்குத்தான் டெக்கரேட்டர் என்று பெயர். பாடப் புத்தகங்கள் "இப்படிப் போட்டால் இது நடக்கும்" என்று ஒரு உதாரணம் காட்டிவிட்டு அடுத்த பாடத்துக்குப் போய்விடுகின்றன. அந்தக் குறி எங்கிருந்து வந்தது, அது வந்தபோது என்ன தொலைந்தது, தொலைந்ததை மீட்க எத்தனை வருடம் ஆனது என்பதெல்லாம் பாடத்தில் இருக்காது. ஆனால் அந்தக் கதை தெரிந்தால்தான் பாடமே சரியாகப் புரிகிறது. அதனால் அதைக் கொஞ்சம் விரிவாகவே பார்ப்போம்.

முதலில் அடிப்படை

பைத்தானில் ஃபங்ஷன் என்பது எண், சொல், பட்டியல் மாதிரி ஒரு பொருள்தான். அதை ஒரு மாறியில் வைக்கலாம். இன்னொரு ஃபங்ஷனுக்குள் அனுப்பலாம். ஒரு ஃபங்ஷன் இன்னொரு ஃபங்ஷனை உருவாக்கித் திருப்பியும் கொடுக்கலாம்.

'வட்டி' என்று ஒரு ஃபங்ஷன் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அசலும் வீதமும் கொடுத்தால் வட்டியைக் கணக்கிட்டுச் சொல்லும். இந்த ஃபங்ஷன் அழைக்கப்படும்போதெல்லாம் அது ஒரு கோப்பில் பதிவாக வேண்டும், ஆனால் வட்டியின் உள்ளே கை வைக்கக் கூடாது. என்ன செய்யலாம்? 'பதிவுசெய்' என்று இன்னொரு ஃபங்ஷன் எழுதலாம். அது வட்டியை வாங்கிக்கொண்டு, உள்ளே 'உறை' என்று ஒரு புதிய ஃபங்ஷனை உருவாக்கும். உறையின் வேலை எளிது: முதலில் கோப்பில் எழுதும், பிறகு பழைய வட்டியை அழைக்கும், வந்த விடையைத் திருப்பிக் கொடுக்கும். கடைசியாக இந்த ஒரு வரி:

வட்டி = பதிவுசெய்(வட்டி)

இனிமேல் வட்டி என்று யார் கூப்பிட்டாலும் உறைதான் பதில் சொல்லும். அவ்வளவுதான் டெக்கரேட்டர்! வட்டிக்கு மேலே @பதிவுசெய் என்று எழுதினாலும் நடப்பது இதுவேதான். (2008 டிசம்பரில் வந்த பைத்தான் 3.0 முதல் தமிழ் எழுத்தில் பெயர் வைக்கலாம். எனவே மேலே உள்ள வரி அப்படியே ஓடக்கூடிய வரிதான்.)

இரண்டாவது விஷயம் இன்ட்ரோஸ்பெக்‌ஷன். அதாவது நிரல் ஓடிக்கொண்டிருக்கும்போதே தன்னைப் பற்றித் தானே விசாரித்துக்கொள்வது. ஒரு ஃபங்ஷனிடம் "உன் பெயர் என்ன? உனக்கு என்னென்ன உள்ளீடு வேண்டும்? உன் விளக்கக் குறிப்பு எங்கே? நீ எந்தக் கோப்பில் எழுதப்பட்டாய்?" என்று கேட்கலாம். பைத்தான் பதில் சொல்லும்.

இந்த இரண்டும் தனித்தனியே நல்லவை. ஒன்றாகச் சேர்ந்தபோதுதான் சிக்கல் வந்தது.

1966: அட்வைஸ் சொன்னவர்

பழைய ஃபங்ஷனைத் தொடாமல் அதன் முன்னும் பின்னும் வேலை சேர்க்கும் எண்ணம் பைத்தானில் பிறந்ததல்ல. 1966ல் அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் வாரன் டைட்டல்மேன் என்பவர் 'பைலட்' என்ற அமைப்பைப் பற்றித் தன் முனைவர் பட்ட ஆய்வேட்டை எழுதினார். அது லிஸ்ப் மொழியில் எழுதப்பட்டது. ஒரு ஃபங்ஷனுக்குள் நுழையும் இடத்திலும் அதிலிருந்து வெளியேறும் இடத்திலும் கூடுதல் கட்டளைகளைச் செருக அதில் வழி இருந்தது. அதற்கு அவர் வைத்த பெயர் 'அட்வைஸ்'. அந்த ஃபங்ஷனை யார் எழுதினார்கள், உள்ளே எப்படி எழுதினார்கள் என்று தெரியாமலே அதற்கு நாம் ஆலோசனை சொல்லலாம்!

பிறகு இந்த வசதி இன்டர்லிஸ்ப் என்ற அமைப்பில் நிலைபெற்றது. அங்கே ஒரு நல்ல பழக்கம் இருந்தது. ஒரு ஃபங்ஷனுக்கு அட்வைஸ் கொடுத்தால் அதன் பழைய வடிவம் தனியே பத்திரமாக வைக்கப்படும். 'அன்அட்வைஸ்' என்று சொன்னால் சேர்த்தது எல்லாம் நீங்கிப் பழையது திரும்பி வந்துவிடும். சுற்றியவருக்கு அவிழ்க்கவும் தெரிந்திருந்தது. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

அட்வைஸ் என்ற சொல்லும் சாகவில்லை. ஈமாக்ஸ் எடிட்டரில் இன்றும் அது இருக்கிறது. 1990களின் பிற்பகுதியில் ஜெராக்ஸ் பார்க் ஆய்வகத்தில் கிரெகர் கிக்ஸாலஸ் குழுவினர் ஜாவாவுக்காக உருவாக்கிய ஆஸ்பெக்ட்ஜேயிலும் இதே சொல்தான்.

தன்னைத் தானே பார்க்கும் நிரல்

இன்ட்ரோஸ்பெக்‌ஷனுக்கும் பழைய வரலாறு உண்டு. லிஸ்ப்பில் நிரலும் ஒரு பட்டியல்தான் என்பதால், ஒரு நிரல் இன்னொரு நிரலைத் தரவு போலவே எடுத்துப் படிக்க முடியும். 1982ல் பிரையன் கான்ட்வெல் ஸ்மித் எம்.ஐ.டி.யில் எழுதிய ஆய்வேடு இன்னும் ஒரு படி மேலே போனது. ஒரு நிரல் தான் எப்படி இயங்குகிறது என்பதையே பார்த்து, அதை மாற்றவும் முடியுமா என்று கேட்டார். அதற்காக 3-லிஸ்ப் என்ற மொழியை வடிவமைத்தார். 'ரிஃப்ளெக்‌ஷன்' என்ற துறையைப் பற்றிப் பேசுபவர்கள் இன்றும் இந்த ஆய்வேட்டிலிருந்துதான் தொடங்குகிறார்கள்.

பைத்தான் வந்தது அதற்குப் பிறகு. ஆம்ஸ்டர்டாமில் சி.டபிள்யூ.ஐ. ஆய்வு நிறுவனத்தில் வேலை பார்த்த கைடோ வான் ரோஸம் 1989 டிசம்பரில் அதை எழுதத் தொடங்கினார். 1991 பிப்ரவரியில் முதல் வெளியீடு வந்தது. 2001 ஏப்ரலில் வந்த 2.1 பதிப்பு நம் கதைக்கு முக்கியமானது. கா-பிங் யீ எழுதிய 'இன்ஸ்பெக்ட்' என்ற தொகுப்பு அதில்தான் சேர்ந்தது. ஃபங்ஷன்களை விசாரிக்கும் கருவிகள் எல்லாம் அதில் ஒரே இடத்தில் இருந்தன. அவரே எழுதிய 'பைடாக்' என்ற கருவியும் அதே பதிப்பில் வந்தது. ஃபங்ஷன்களிடமே கேட்டு அவற்றின் கையேட்டைத் தயாரித்துக் கொடுக்கும் கருவி அது. ஃபங்ஷன் மேல் நாமே புதிய குறிப்புகளை ஒட்டிவைக்கும் வசதியும் இதே பதிப்பில்தான் வந்தது.

அதாவது 2001ல் பைத்தான், தன்னைப் பற்றிக் கேட்டால் உண்மையான பதில் சொல்லத் தெரிந்த மொழியாக இருந்தது.

மூன்று முறை எழுதிய பெயர்

2001 டிசம்பரில் 2.2 பதிப்பு வந்தது. கிளாஸ்மெத்தட், ஸ்டாட்டிக்மெத்தட் என்ற இரண்டு புதிய வசதிகள் சேர்ந்தன. ஆனால் அவற்றைப் பயன்படுத்தத் தனிக் குறியீடு இல்லை. முதலில் ஃபங்ஷனை முழுவதும் எழுத வேண்டும். எழுதி முடித்த பிறகு கீழே, மேலே பார்த்த வட்டி வரி போல ஒரு வரி எழுத வேண்டும். ஒரே பெயரை மூன்று இடத்தில் எழுத வேண்டியிருந்தது. அதைவிடப் பெரிய தொல்லை வேறு. ஃபங்ஷன் 50 வரி இருந்தால், அது எந்த வகை என்பது 51வது வரிக்கு வந்த பிறகுதான் படிப்பவருக்குத் தெரியும்.

2002 பிப்ரவரியில் பைத்தானை உருவாக்குபவர்கள் இதைப் பற்றிப் பேசத் தொடங்கினார்கள். 2004 ஜூலை வரை பேச்சு விட்டு விட்டுத் தொடர்ந்தது. நூற்றுக்கணக்கான கடிதங்கள்! 2003 ஜூனில் பெப் 318 என்ற முன்மொழிவு எழுதப்பட்டது. (பைத்தானில் பெரிய மாற்றம் வேண்டுமானால் முதலில் பெப் என்ற ஆவணம் எழுத வேண்டும்.) டெக்கரேட்டர் வேண்டுமா என்பதில் பெரிய கருத்து வேறுபாடு இல்லை. அதை எங்கே, எப்படி எழுதுவது என்பதில்தான் சண்டை.

ஒரு தரப்பு, ஃபங்ஷனின் உள்ளீடுகளுக்குப் பிறகு சதுர அடைப்பில் எழுதலாம் என்றது. இன்னொரு தரப்பு, அதே சதுர அடைப்பை முந்தைய வரியில் போடலாம் என்றது. @ குறி வேண்டும் என்றது வேறொரு தரப்பு. 2004ல் ஸ்வீடனின் கோத்தன்பர்க் நகரில் நடந்த யூரோபைத்தான் மாநாட்டுக்குக் கைடோ ஒரு பட்டியலோடு போனார். அங்கே விவாதம் நடந்தது. அதன் பிறகு அவர் @ என்று முடிவு செய்தார். ஆகஸ்டில் வெளியான 2.4ன் இரண்டாம் ஆல்ஃபா பதிப்பில் அந்தக் குறி முதல் முறையாகத் தென்பட்டது. பாரி வார்சா அதற்கு 'பை' குறி என்று பெயர் வைத்தார். நம் ஊரில் மைசூர்பா போல அங்கே 'பை' என்று ஒரு வட்டமான பலகாரம் உண்டு, @ பார்க்க அது மாதிரி இருக்கிறதாம்!

எல்லோருக்கும் இது பிடிக்கவில்லை. பைத்தானின் அழகே அதில் கிறுக்கலான குறிகள் இல்லாததுதான், அதைக் கெடுக்கலாமா என்று கேட்டார்கள். ஐபைத்தான், லியோ என்ற இரண்டு கருவிகள் ஏற்கெனவே @ குறியை வேறு வேலைக்குப் பயன்படுத்தி வந்தன. கைடோ ஒரு வாய்ப்புக் கொடுத்தார்: எல்லோரும் சேர்ந்து ஒரே ஒரு மாற்று வடிவத்தைக் கொண்டுவாருங்கள், பரிசீலிக்கிறேன். அப்படியே செய்தார்கள். 'யூஸிங்' என்ற சொல்லை எழுதி, அதற்குக் கீழே உள்ளடங்கிய வரிகளாக டெக்கரேட்டர்களை எழுதும் வடிவம் அது. கைடோ அதைப் படித்துவிட்டு மறுத்தார். பைத்தானில் உள்ளடங்கிய வரிகள் என்றால் ஒன்றன்பின் ஒன்றாக ஓடும் கட்டளைகள் என்றுதான் பொருள், இங்கே அப்படி இல்லையே என்பது அவர் சொன்ன காரணங்களில் ஒன்று.

2004 நவம்பர் 30 அன்று பைத்தான் 2.4 வெளியானது, @ குறியோடு. அதே ஆண்டு செப்டம்பரில் வந்த ஜாவா 5லும் @ குறி உண்டு. ஆனால் ஜாவாவில் அது ஒரு குறிப்பு மட்டுமே, அதை யாராவது பின்னால் வந்து படித்தால்தான் பயன். பைத்தானில் அது உடனே ஓடும் கட்டளை. ஃபங்ஷனையே மாற்றிவிடும்.

எல்லா நோட்டும் ஒரே பிரவுன் நிறம்

இரண்டரை வருடம் எல்லோரும் குறியைப் பற்றிச் சண்டை போட்டார்கள். சுற்றிய பிறகு உள்ளே இருப்பது என்ன ஆகும் என்ற கேள்வி அந்த அளவுக்குப் பேசப்படவில்லை.

ஜூன் மாதம் பள்ளி திறந்ததும் எல்லா நோட்டுக்கும் பிரவுன் அட்டை போடுவோம் அல்லவா? லேபிள் ஒட்டாமல் விட்டால் என்ன ஆகும்? கணக்கு நோட்டு எது, அறிவியல் நோட்டு எது என்று வெளியே பார்த்துத் தெரியாது. ஆசிரியர் மேசையில் 40 நோட்டும் ஒரே மாதிரி அடுக்கியிருக்கும்.

டெக்கரேட்டரும் இதையேதான் செய்தது. @பதிவுசெய் போட்ட வட்டியிடம் "உன் பெயர் என்ன?" என்று கேட்டால் "உறை" என்று சொல்லும். கடன், தவணை, அபராதம் என்று எல்லாவற்றுக்கும் அதே டெக்கரேட்டரைப் போட்டால் எல்லாமே "என் பெயர் உறை" என்றுதான் சொல்லும். விளக்கக் குறிப்பும் போய்விடும். என்ன உள்ளீடு வேண்டும் என்று கேட்டால் "எது கொடுத்தாலும் வாங்கிக்கொள்வேன்" என்று பதில் வரும். உறை அப்படித்தானே எழுதப்பட்டிருக்கிறது. பழைய வட்டி எங்கும் போகவில்லை, உறைக்குள்ளேதான் இருக்கிறது. ஆனால் அதை எடுக்க ஒழுங்கான வாசல் கிடையாது.

இன்டர்லிஸ்ப்பில் அட்வைஸ் கொடுத்தால் பழையது பத்திரமாக இருக்கும் என்று பார்த்தோமே, அந்தப் பழக்கம் 2004ல் வந்த @ குறியோடு கூட வரவில்லை. 2001ல் உண்மை சொல்லக் கற்றுக்கொண்ட மொழி, மூன்றே வருடத்தில் தன் பெயரையே தவறாகச் சொல்ல ஆரம்பித்தது.

இது வெறும் அழகுக் குறை இல்லையா?

இல்லை. பெயரை நம்பி வேலை செய்யும் கருவிகள் ஏராளம். 2010ல் வெளியான ஃபிளாஸ்க் என்ற வலைத்தளக் கட்டமைப்பைப் பாருங்கள். ஒவ்வொரு பக்கத்துக்கும் ஒரு ஃபங்ஷன் எழுதுவோம். வேறு பெயர் தராவிட்டால் ஃபங்ஷனின் பெயரையே அந்தப் பக்கத்தின் அடையாளமாக ஃபிளாஸ்க் வைத்துக்கொள்ளும். உள்நுழைந்தவர்தானா என்று சோதிக்கும் ஒரு டெக்கரேட்டரை அக்கறையில்லாமல் எழுதி இரண்டு பக்கங்களுக்கும் போட்டால், இரண்டின் பெயரும் 'உறை' ஆகிவிடும். ஒரே பெயரில் இரண்டு பக்கமா என்று ஃபிளாஸ்க் பிழை காட்டி நின்றுவிடும். தவறு பக்கங்களில் இல்லை, அட்டையில் இருக்கிறது. ஆனால் பிழைச் செய்தி சுட்டுவது பக்கத்தை!

பைடெஸ்ட் என்ற சோதனைக் கருவி இன்னொரு உதாரணம். சோதனை ஃபங்ஷனின் உள்ளீட்டுப் பெயர்களைப் படித்துத்தான் அதற்கு என்ன தயார் செய்து கொடுக்க வேண்டும் என்று அது முடிவு செய்கிறது. உறை அந்தப் பெயர்களை மறைத்துவிட்டால் பைடெஸ்ட் ஒன்றும் கொடுக்காது. உள்ளே இருக்கும் ஃபங்ஷன் கை வெறுமையாக அழைக்கப்பட்டு விழுந்துவிடும்.

பிழை தேடுபவருக்கு இது நேர விரயம் மட்டுமில்லை. விசாரிக்கும் கருவி சொல்வதை நம்பலாமா என்ற சந்தேகம் வந்துவிட்டால், பிறகு எதைப் பிடித்துக்கொண்டு தேடுவது?

லேபிள் ஒட்டிய வருடங்கள்

மீட்கும் வேலை கொஞ்சம் கொஞ்சமாகத்தான் நடந்தது. ஃபங்ஷனின் பெயரை நாமே மாற்றி எழுத 2.4ல் அனுமதி வந்தது. ஆனால் ஒவ்வொரு டெக்கரேட்டரிலும் பெயரையும் குறிப்பையும் கையால் நகலெடுக்க வேண்டும். 2005ல் மிக்கேலே சிமியோனாட்டோ 'டெக்கரேட்டர்' என்ற பெயரிலேயே ஒரு தொகுப்பை வெளியிட்டார். உள்ளே இருக்கும் ஃபங்ஷனின் உள்ளீடுகளைப் படித்து, அதே உள்ளீடுகள் கொண்ட உறையைப் புதிதாக எழுதிக் கொடுக்கும் தொகுப்பு அது.

2006 செப்டம்பரில் 2.5 பதிப்போடு 'ஃபங்க்டூல்ஸ்' தொகுப்பு வந்தது. அதில் 'ராப்ஸ்' என்று ஒரு சிறிய கருவி, நிக் கோக்லன் எழுதியது. உறை ஃபங்ஷனின் தலையில் @ராப்ஸ் போட்டு உள்ளே இருப்பது எது என்று சொன்னால் போதும். பெயர், விளக்கக் குறிப்பு, எந்தக் கோப்புத் தொகுப்பைச் சேர்ந்தது என்ற தகவல், ஒட்டிவைத்த மற்ற குறிப்புகள் எல்லாம் உறைக்கு நகலாகும். டெக்கரேட்டர் செய்த சேதத்தைச் சரிசெய்ய இன்னொரு டெக்கரேட்டர்! அந்தக் காலத்தில் பழைய பைத்தான் பதிப்புகளையும் ஆதரித்த ஜாங்கோ, இந்த ராப்ஸின் நகல் ஒன்றைத் தன்னிடமே வைத்துக்கொண்டது. அந்த அளவுக்குத் தேவையாக இருந்தது.

ஆனால் லேபிள் ஒட்டினால் மட்டும் போதுமா? உள்ளீடுகள் இன்னும் மறைந்தே இருந்தன. 2011 பிப்ரவரியில் வந்த 3.2ல்தான் உண்மையான வாசல் திறந்தது. ராப்ஸ் போட்ட ஒவ்வொரு உறையும், தான் சுற்றிய பழைய ஃபங்ஷன் எது என்ற குறிப்பைத் தன்னிடம் வைத்துக்கொள்ளத் தொடங்கியது. 2012 செப்டம்பரில் வந்த 3.3ல் 'சிக்னேச்சர்' என்ற புதிய விசாரணைக் கருவி சேர்ந்தது. அது உறையோடு நிற்காமல் அந்தக் குறிப்பைப் பிடித்துக்கொண்டு உள்ளே போய், உண்மையான உள்ளீடுகளைச் சொன்னது. இதற்கான பெப் 362 எழுதத் தொடங்கியது 2006ல் என்பது கவனிக்க வேண்டியது.

அதிலும் ஒரு ஓட்டை இருந்தது. இரண்டு அட்டை போட்டிருந்தால் வெளி அட்டையின் குறிப்பு நடு அட்டையைத் தாண்டி நேராக நோட்டையே காட்டியது. 2014 மார்ச்சில் வந்த 3.4ல் அது சரியானது. ஒவ்வொரு அட்டையாகக் கழற்றிக்கொண்டே கடைசி வரை போகும் 'அன்ராப்' கருவியும் அதே பதிப்பில் வந்தது. இன்டர்லிஸ்ப்பின் அன்அட்வைஸுக்குத் தூரத்து உறவு என்று சொல்லலாம். ஆனால் இது பார்க்க மட்டும்தான், மாற்றத்தை நீக்காது.

அதன் பிறகும் கதை நிற்கவில்லை. @ குறிக்குப் பின்னால் எதை எழுதலாம் என்பதற்குக் கைடோ உள்ளுணர்வால் ஒரு கட்டுப்பாடு வைத்திருந்தார். 2020 அக்டோபரில் வந்த 3.9ல் அது நீக்கப்பட்டது. 2021 அக்டோபரில் வந்த 3.10ல், உள்ளீடுகளின் வகைகளும் உறையைத் தாண்டித் தெரியும்படி எழுத வழி வந்தது. இது நிரலை ஓட்டாமலே சோதிக்கும் கருவிகளுக்காக. ஒரே நோய்தான், வேறு இடத்தில்.

இன்றும் பாக்கி இருப்பது

இவ்வளவு வந்த பிறகும் ராப்ஸ் போடுவது கட்டாயம் இல்லை. போடாவிட்டால் பைத்தான் ஒரு வார்த்தை சொல்லாது, நிரல் நன்றாகவே ஓடும். ஏன் தானாகவே போட்டுவிடக் கூடாது? காரணம் உண்டு. டெக்கரேட்டர் உறையைத்தான் திருப்பித் தர வேண்டும் என்று விதி இல்லை. வாங்கிய ஃபங்ஷனையே தரலாம், முற்றிலும் வேறு பொருளையும் தரலாம். எது அட்டை, எது புதிய நோட்டு என்று மொழிக்குத் தெரியாது. எழுதியவருக்குத்தான் தெரியும்.

ராப்ஸ் போட்டாலும் ஒன்றை மறந்துவிடக் கூடாது. நிரல் பிழையாகி நிற்கும்போது திரையில் வரும் வரிசையில் உறையின் பழைய பெயர்தான் இன்றும் தெரியும். ஏனென்றால் அந்த வரிசை ஃபங்ஷனின் லேபிளைப் படிப்பதில்லை, அதன் உள்ளே இருக்கும் குறிமுறையின் சொந்தப் பெயரைப் படிக்கிறது. அது ஒருவகையில் சரிதான். அந்த இடத்தில் உண்மையாகவே ஓடியது உறைதானே!

@ குறி அழகா இல்லையா என்று 2004ல் சண்டை போட்டவர்களுக்கு இன்று பதில் கிடைத்துவிட்டது, எல்லோரும் அதற்குப் பழகிவிட்டார்கள். அதைவிடப் பெரிய கேள்வி ஒவ்வொரு டெக்கரேட்டரிலும் புதிதாக எழுகிறது: நான் சுற்றியது எதுவோ, அது கேட்பவருக்குத் தன் பெயரைச் சரியாகச் சொல்லுமா? அதற்குச் செலவு ஒரே ஒரு வரி. அடுத்த முறை டெக்கரேட்டர் எழுதினால், எழுதி முடித்ததும் அந்த ஃபங்ஷனிடம் பெயர் கேட்டுப் பாருங்கள். "உறை" என்று பதில் வந்தால், இன்னும் ஒரு வரி பாக்கி இருக்கிறது.